அவர்களும் பெண்கள்: இலங்கையில் கிடைத்த வாக்கும் மலையகத்தில் பறிபோன வாக்கும்



பெண்களின் வாக்குரிமைப் போராட்டம் என்றதும் நம் நினைவு இலண்டன் வீதிகளுக்குப் போய்விடுகிறது. எமலின் பாங்க்ஹர்ஸ்ட், சிறை, உண்ணாவிரதம் என்று அந்தக் கதையை நாம் பாடசாலையிலேயே படித்திருக்கிறோம். அது மதிப்புக்குரிய கதைதான். ஆனால் இன்று நான் பேச வந்தது நம் வீட்டு வாசலில் நடந்த கதை. இந்தத் தீவின் பெண்களுக்கு வாக்கு எப்படிக் கிடைத்தது, கிடைத்த வாக்கு அவர்களில் ஒரு பகுதியினரிடமிருந்து எப்படிப் பறிக்கப்பட்டது என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் இவற்றை நாம் இதுவரை இரண்டு தனித்தனிப் பாடங்களாகவே படித்து வந்திருக்கிறோம்.

1927 நவம்பரில் டொனமூர் பிரபுவின் தலைமையில் நால்வர் கொண்ட ஆணைக்குழு ஒன்று கொழும்பில் வந்திறங்கியது. இலங்கைக்கு என்ன மாதிரியான ஆட்சி பொருத்தம் என்று விசாரித்துச் சொல்வது அதன் வேலை. நால்வரில் ஒருவரான டாக்டர் டிரம்மண்ட் ஷீல்ஸ் பிரித்தானியத் தொழிற்கட்சிக்காரர், மருத்துவர். வறியவர்களின் வாழ்வு நிலை என்ன, அதைச் சீர்செய்ய இங்குள்ள தலைவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்கும் மனம் அவரிடம் இருந்தது.

அதுவரை இங்கே வாக்கு யாரிடம் இருந்தது? 1911 இல் 'படித்த இலங்கையர்' என்ற பெயரில் ஒரே ஓர் ஆசனத்துக்குத் தேர்தல் நடந்தபோது நாடு முழுவதிலும் வாக்காளர் மூவாயிரம் பேர்கூட இல்லை. 1924 இன் சீர்திருத்தத்துக்குப் பிறகும் சனத்தொகையில் ஏறக்குறைய 4 சதவீதத்தினருக்கே வாக்கு. சொத்து வேண்டும், வருமானம் வேண்டும், எழுத்தறிவு வேண்டும். அனைத்துக்கும் முன்னால், ஆணாக இருக்க வேண்டும்.

ஆணைக்குழுவின் முன் சாட்சியம் சொல்ல வந்த நம் பெருந்தலைவர்களில் பெரும்பாலானோர் இந்த வட்டத்தைக் கொஞ்சம் அகலமாக்கினால் போதும் என்ற எண்ணத்தோடுதான் வந்தார்கள். ஆட்சி தங்கள் கைக்கு வரவேண்டும் என்று கேட்டவர்கள், அந்த ஆட்சியைத் தெரிவு செய்யும் உரிமை வண்டிக்காரனுக்கும் வயல்காரிக்கும் போவதை விரும்பவில்லை. எல்லோருக்கும் வாக்கு என்று தெளிவாகக் கேட்டது ஏ. ஈ. குணசிங்கவின் தொழிலாளர் சங்கம். துறைமுகத்திலும் டிராம் வண்டியிலும் வேலை செய்தவர்களை வைத்துக் கட்டிய சங்கம் அது.

இந்தச் சூழலில்தான் 1927 டிசம்பர் 7 ஆம் திகதி பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கப்பட்டது. திகதியைக் கவனியுங்கள். ஆணைக்குழு ஏற்கெனவே வந்துவிட்டது, சனவரி நடுவில் புறப்பட்டுவிடும். இடையில் இருந்தவை சில வாரங்கள் மட்டுமே. அந்தச் சில வாரங்களுக்குள் கூடி, சங்கம் அமைத்து, பேச வேண்டியதைத் திட்டமிட்டு, பெண்களாகவே போய் ஆணைக்குழுவின் எதிரில் உட்கார்ந்தார்கள்.

சங்கத்தின் தலைவி லேடி டேசி பண்டாரநாயக்க, பெரும் செல்வக் குடும்பத்தவர். செயலாளர் அக்னஸ் டி சில்வா. பறங்கியர் சமூகத்தில் நெல் குடும்பத்தில் பிறந்து, கண்டியில் வழக்கறிஞராக இருந்த சிங்களவரான ஜோர்ஜ் ஈ. டி சில்வாவை மணந்தவர். அந்தக் காலத்தில் அப்படியொரு கலப்பு மணத்துக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞராகப் பின்னாளில் புகழ்பெற்ற மினெட் டி சில்வா இவருடைய மகள்.

இன்னொருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் டாக்டர் மேரி இரட்னம். கனடாவின் ஒன்ராரியோ மாகாணத்தில் 1873 இல் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமாயிருந்த நாளில் மருத்துவரானார். 1896 இல் மிஷன் பணிக்காக இங்கே வந்தார். வந்த சூட்டோடு எஸ். சி. கே. இரட்னம் என்ற யாழ்ப்பாணத்துத் தமிழரை மணந்துகொண்டார். உள்ளூர்க்காரரை மணந்த பெண்ணை மிஷன் வைத்துக்கொள்ளவில்லை. அவர் ஊர் திரும்பவும் இல்லை. கொழும்பிலேயே தங்கி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவம் பார்த்துக்கொண்டே ஒரு வாழ்நாளைக் கழித்தார். 1904 இல் இலங்கை மாதர் ஒன்றியம், 1909 இல் தமிழ் மாதர் ஒன்றியம், 1930 இல் கிராமந்தோறும் பரவிய லங்கா மகிளா சமித்தி என்று அவர் கைபட்டு எழுந்த அமைப்புகள் பல. பிரசவ அறையில் செத்துப்போகும் தாய்மாரையும், ஒரு வயது தாண்டாத பிள்ளைகளையும் தினமும் பார்த்த ஒருவருக்கு வாக்கு என்பது கௌரவப் பட்டமாகத் தெரிந்திருக்காது. மருத்துவச்சியை அனுப்பவும் கிணற்றைச் சுத்தமாக்கவும் அரசாங்கத்தை இழுத்துவரும் கயிறாகத்தான் அதை அவர் பார்த்திருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

இந்தப் பெண்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் படித்தவர்கள், வசதி படைத்த வீடுகளைச் சேர்ந்தவர்கள். மறைக்க வேண்டிய செய்தி அல்ல இது. தங்களைப் போன்ற பெண்களுக்கு மட்டும் கேட்டிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். உலகத்தின் பல இடங்களில் அப்படித்தான் கேட்கப்பட்டது. அக்கரையில், நமக்கு மிக அருகில், சென்னை மாகாணத்துப் பெண்கள் 1921 இல் பெற்ற வாக்கும் சொத்துள்ள பெண்களுக்கான வாக்குத்தான். பிரித்தானியாவில் 1918 இல் கிடைத்ததும் முப்பது வயதைத் தாண்டி, சொத்துத் தகுதியும் கொண்ட பெண்களுக்கே.

ஆணைக்குழுவின் முன் அவர்கள் அமர்ந்திருந்தபோது டொனமூர் ஒரு கேள்வி கேட்டார். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா என்பது கேள்வி. அக்னஸ் டி சில்வா தயங்கவில்லை. நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தான், எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை என்று பதில் சொன்னார். அவரே பின்னாளில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்தப் பதிலின் எடை எவ்வளவு என்பதை உணர, அன்றைய கண்டிச் சீமையின் அரசியலை மனதில் கொள்ள வேண்டும். தோட்டத் தமிழருக்கு வாக்குக் கொடுத்தால் மலைநாட்டுத் தொகுதிகள் கைமாறிவிடும் என்ற அச்சத்தை அங்கே அரசியல்வாதிகள் ஊட்டி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அக்னசின் வீடு இருந்தது அதே கண்டியில். அவருடைய கணவர் அரசியல் செய்ததும் அதே கண்டியில். தோட்டப் பெண்களைப் பற்றித் தனியே எங்கள் கருத்து எதுவுமில்லை என்று நழுவியிருக்கலாம். எழுத்தறிவுள்ளவர்களுக்கு மட்டும் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். இலங்கைப் பெண்கள் இயக்கத்தின் வரலாற்றில் மிகப் பெரிய நிமிடம் எது என்று என்னைக் கேட்டால், 1931 இன் தேர்தலைச் சொல்ல மாட்டேன், இந்தப் பதிலைத்தான் சொல்வேன்.

அந்தக் கேள்வியில் பேசப்பட்ட பெண் யார்? அவள் அந்த அறையில் இல்லை. அவளை அங்கே யாரும் அழைக்கவுமில்லை. அன்றைய ஒரு நாளில் அவள் எங்கே இருந்திருப்பாள் என்று பார்ப்போம். விடிவதற்கு முன்னே தப்புச் சத்தம் கேட்கும். தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் பத்தடி அறையில் அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, கைப்பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு, பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். கங்காணி எந்த மலைக்கு என்று சொல்வார். அட்டைக் கடியோடு, இடுப்பில் படங்குச் சாக்கும் முதுகில் கூடையுமாக மாலைவரை கொழுந்து பறிக்க வேண்டும். நிறுவையில் எடை குறைந்தால் அரைப்பேர். அதாவது நாள் முழுக்க நின்றதற்கு அரைநாள் கூலி.

டொனமூர் ஆணைக்குழு வந்த அதே 1927 இல்தான் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்தது. அதன்கீழ் விதிக்கப்பட்ட கூலி விகிதம் இது: உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். கொழுந்து பறிப்பதில் கைதேர்ந்தவள் பெண். தேயிலையின் பெயரை உலகச் சந்தையில் நிறுத்திய கை அவளுடையது. ஆனால் சட்டமே எழுத்தில் 11 சதத்தைக் குறைத்து வைத்தது. இந்த ஆண் பெண் வித்தியாசம் 1984 வரை தோட்டக் கூலியில் நீடித்தது. வாக்கு எதற்கு என்று கேட்பவர்களிடம் இந்தப் பதினொரு சதத்தைக் காட்டினால் போதும்.

எதிர்ப்பைப் பற்றியும் பேசாமல் போக முடியாது. அதுவும் தமிழ்ச் சபையொன்றில் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பெண்களுக்கு வாக்குரிமை அளிப்பதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் முதன்மையானவர் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். சாதியடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்களுக்கு வாக்குப் போவதையும் அவர் விரும்பவில்லை. ஆட்சி படிப்பில்லாத கூட்டத்தின் கைக்குப் போய்விடும் என்பது அவருடைய வாதம். இதே இராமநாதன்தான் 1913 இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி கட்டியவர். அந்தக் கல்லூரியில் படித்து உயர்ந்த பெண்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அந்தக் கொடையின் பெருமையை நான் குறைக்க மாட்டேன். ஆனால் பெண்ணுக்குக் கல்வி கொடுக்கும் கையே அவளுக்கு வாக்கைக் கொடுக்க மறுக்கும் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல மனைவியாக, நல்ல தாயாக அவளை ஆக்குவதற்குக் கல்வி உதவும் என்று அன்றைய பெரியவர்கள் நம்பினார்கள். அந்தப் படிப்பைக் கொண்டு அவள் தன் சொந்த முடிவை எடுப்பாள் என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டார்கள். தள்ளாத வயதிலும் 1930 இல் இராமநாதன் இலண்டன் வரை போய் டொனமூர்த் திட்டத்தை எதிர்த்து வாதாடினார். அதே ஆண்டு நவம்பரில் காலமானார்.

ஆணைக்குழுவின் அறிக்கை 1928 இல் வெளிவந்தது. எழுத்தறிவுத் தகுதியும் வேண்டாம், சொத்துத் தகுதியும் வேண்டாம் என்றது. ஆண்களுக்கு 21 வயது, பெண்களுக்கு 30 வயது என்று சொன்னது. பிரித்தானியாவில் அறிக்கை எழுதப்பட்ட வேளையில் நடைமுறையிலிருந்த வயதும் முப்பதுதான். அங்கே அதே ஆண்டில் அது 21 ஆகக் குறைந்தது. இங்கும் இறுதிச் சட்டத்தில் 21 ஆகவே வந்தது. சட்டசபையில் டொனமூர்த் திட்டம் 1929 டிசம்பரில் 19 க்கு 17 என்ற வாக்கில்தான் தப்பிப் பிழைத்தது. இரண்டு வாக்கு! அந்த இரண்டு வாக்கில் இந்நாட்டு இலட்சக்கணக்கான பெண்களின் உரிமை தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் திட்டம் நிறைவேறியதன் விலையைத் தோட்டத் தமிழர் செலுத்தினார்கள். சிங்களத் தலைவர்களின் எதிர்ப்பைத் தணிக்கத் தேசாதிபதி ஸ்டான்லி இடையில் நிபந்தனைகளைப் புகுத்தினார். பிறப்பால் இலங்கையை வதிவிடமாகக் கொண்டவர்களுக்குக் கேள்வி இல்லை. மற்றவர்கள் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்து, இதையே நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர்கள் என்று காட்ட வேண்டும், அல்லது எழுத்தறிவும் சொத்தும் இருப்பதைக் காட்ட வேண்டும், அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அந்தச் சான்றிதழை எடுப்பவர் இந்தியத் தொழிலாளர் என்ற வகையில் தமக்கிருந்த தனிப் பாதுகாப்புகளை விட்டுக்கொடுப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். யார் எடுப்பார்கள்? மிகச் சிலரே எடுத்தார்கள்.

இதில் பெண்ணின் நிலை இன்னும் மோசம். எழுத்தும் சொத்தும் அவளிடம் இல்லை. வதிவிடம் என்று பார்த்தால், மணமான பெண்ணின் வதிவிடம் கணவனின் வதிவிடமே என்பது அன்றைய சட்டம். தலைமன்னார் வழியாக வந்தவள் என்றாலும் சரி, இதே லயத்தில் பிறந்து வளர்ந்தவள் என்றாலும் சரி, கழுத்தில் தாலி ஏறியதும் அவள் எந்த நாட்டுக்காரி என்பதைக் கணவனை வைத்தே தீர்மானித்தார்கள். எல்லாப் பெண்களுக்கும் என்று அக்னஸ் கேட்டது, அவளுக்குக் கிடைத்தபோது இவ்வளவு சுருங்கிப்போயிருந்தது.

1931 யூன் மாதம் முதலாவது பொதுத் தேர்தல் நடந்தது. ஆசியாவிலேயே ஆணும் பெண்ணும் சரிநிகராகச் சர்வசன வாக்குரிமையோடு வாக்களித்த முதல் நாடுகளில் ஒன்று இலங்கை. வாக்காளர் தொகை 15 இலட்சத்தைத் தாண்டியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் கொடுத்தார்கள். அந்த நிறப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். சிவப்புப் பெட்டியா, பச்சைப் பெட்டியா என்று வீட்டில் மனனம் செய்துகொண்டு வந்த பெண்களின் முதல் அரசியல் முடிவு ஒரு நிறமாகத்தான் இருந்தது. பிரான்சுப் பெண்களுக்கு இந்த உரிமை கிடைக்க 1944 வரையும், சுவிட்சர்லாந்துப் பெண்களுக்கு நாடளாவிய வாக்குக் கிடைக்க 1971 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பெண்கள் அந்த யூன் மாதத்தில் வாக்களிக்கவில்லை. முழுச் சுயராச்சியம் தராத அரசியலமைப்பு வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அறைகூவ, வடக்கில் நான்கு தொகுதிகளில் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. 1934 வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. அந்த இளைஞர்களின் கொள்கைப் பிடிப்பில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் வாழ்நாளில் முதன்முறையாகக் கைக்கு வந்த வாக்கைப் பயன்படுத்தாதே என்று சொல்லுமுன் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

அந்தப் பொதுத் தேர்தலில் உருவான அரசாங்க சபைக்கு 1931 நவம்பரில் ருவன்வெல இடைத்தேர்தலில் அடலின் மொலமுறே தெரிவானார். 1932 இல் வட கொழும்பில் நேசம் சரவணமுத்து வென்றார். இந்நாட்டுச் சட்டமன்றத்துக்குத் தெரிவான முதல் தமிழ்ப் பெண் அவர். 1936 இலும் மக்கள் அவரையே தெரிவு செய்தார்கள். மேரி இரட்னம் 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குள் நுழைந்தார். வாக்குக் கேட்டு ஊர் ஊராக வந்தவர்கள் பாடசாலை, மருத்துவமனை, சாலை என்று வாக்குறுதி கொடுக்க வேண்டிய நிலை வந்தது. 1939 இல் மகப்பேற்று நன்மைச் சட்டம் வந்தது, 1945 இல் இலவசக் கல்வி வந்தது. ஏழைகளின் வாக்கு இல்லாமல் இவை வந்திருக்கும் என்று நம்ப நான் தயாரில்லை.

தோட்டங்களில் என்ன நடந்தது? தோட்டம் துரையின் தனிச் சொத்து. வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல் வழக்கு. அந்த வேலிக்குள் தொழிற்சங்கச் செய்தியைக் கொண்டுபோனவர்களில் ஒரு பெண் முன்வரிசையில் நிற்கிறார். அவர் மீனாட்சியம்மாள், தஞ்சாவூரிலிருந்து வந்து தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் மனைவி. மேடையில் கணவர் பேசுமுன் இவர் பாடுவார். மக்கள் நன்கறிந்த மெட்டில் சம்பளம், துயரம், உரிமை எல்லாவற்றையும் வைத்துப் பாடுவார். நாளெல்லாம் நின்று களைத்து வந்த பெண்களுக்குத் துண்டுப் பிரசுரத்தைவிட அந்தப் பாட்டு விளங்கியது. 1940 இல் அவருடைய பாடல்கள் நூலாகவும் வந்தன. பெண்கள் வாக்குரிமை இயக்கம் என்ற தலைப்பின்கீழ் கொழும்புச் சீமாட்டிகளின் பெயர்களோடு மீனாட்சியம்மாளின் பெயரும் எழுதப்பட வேண்டும்.

1931 இல் தோட்டத்து இந்திய வாக்காளர் ஏறத்தாழ ஒரு இலட்சம். 1939 இல் அது இரண்டே கால் இலட்சமாக உயர்ந்தது. உயர்ந்ததே குற்றமாயிற்று. நிபந்தனைகளை இறுக்கிப் பெயர்களை வெட்டினார்கள். அப்படியிருந்தும் 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போயின. தோட்டத் தமிழரின் வாக்கில் கைவைக்க ஆட்சிக்கு வந்தவர்களுக்கு இது போதுமாயிருந்தது.

1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டத்தின் ஒரு வாசகத்தை மட்டும் பெண்களின் கண்ணால் பார்ப்போம். இலங்கையில் பிறந்த ஒருவர் பிரசையாக வேண்டுமானால் அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனின் தகப்பனும் பாட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாயைப் பற்றிச் சட்டத்துக்கு அக்கறை இல்லை. தாயும் தாயின் தாயும் அவளுடைய தாயும் அதே லயத்தின் அதே காம்பிராவில் பிறந்து, அதே மலையில் கொழுந்து பறித்துச் செத்திருந்தாலும் அந்த மூன்று தலைமுறைக்கும் சட்டத்தில் இடமில்லை.

அடுத்த ஆண்டு, 1949 இல், தேர்தல் சட்டத்தைத் திருத்திப் பிரசைகள் அல்லாதோரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கினார்கள். விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெறலாம் என்று ஒரு சட்டமும் போட்டார்கள். 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1947 இல் ஏழு பேரை அனுப்பிய மக்களால் 1952 இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. இடதுசாரிகள் எதிர்த்தார்கள். தமிழ்க் காங்கிரஸ் இந்தக் கேள்வியில்தான் உடைந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. இந்த அரசியல் உங்களுக்குத் தெரிந்ததே.

என் மனத்தை அறுக்கும் விடயம் வேறு. பிரசாவுரிமைப் பறிப்பை நாம் இனப் பிரச்சினை என்ற அத்தியாயத்தில் படிக்கிறோம், தொழிலாளர் பிரச்சினை என்ற அத்தியாயத்தில் படிக்கிறோம். இரண்டும் உண்மைதான். ஆனால் பெண்கள் வாக்குரிமை என்ற அத்தியாயம் 1931 ஐக் கொண்டாடிவிட்டு அதோடு முடிந்துபோகிறது. ஆசியாவில் முன்னோடியாகப் பெண்களுக்குச் சர்வசன வாக்குக் கொடுத்த நாடு, பதினெட்டு ஆண்டுகளில் பெண்களின் பெருந்தொகுதி ஒன்றிடமிருந்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தேயிலைத் தோட்டத்தில் உழைப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். அப்படியிருக்க அது பெண்களின் இழப்பாக ஏன் எழுதப்படவில்லை? உலக நாடுகளின் பட்டியலில் எந்த ஆண்டு வாக்குக் கிடைத்தது என்ற ஒரு நிரல் மட்டுமே இருக்கிறது. எந்த ஆண்டு யாரிடமிருந்து போயிற்று என்று இரண்டாவது நிரல் போட்டால்தான் நம் நாட்டின் கணக்குச் சரியாகும்.

டொனமூர் அறிக்கை வெளியான 1928 இல் ஒரு லயத்தில் பிறந்த பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவளுக்கு 21 வயது நிரம்பி வாக்களிக்கும் தகுதி வந்த ஆண்டு 1949. அதே ஆண்டில்தான் இடாப்பின் கதவு சாத்தப்பட்டது. நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 1988 இல் வந்தபோது அவளுக்கு 60 வயது. எஞ்சியவர்களுக்கான சட்டம் 2003 இல் வந்தபோது, உயிரோடிருந்தால், 75.

இடையில் 1964 வருகிறது. நாடற்றவர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு கையெழுத்திட்டவர் சிறிமாவோ பண்டாரநாயக்க. 1960 இல் உலகின் முதல் பெண் பிரதமரானவர் அவர். பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் முதல் தலைவியான லேடி டேசியின் மருமகள். மாமியார் தலைமை தாங்கிய சங்கம் தோட்டப் பெண்களுக்கும் சேர்த்தே வாக்குக் கேட்டது. மருமகள் தலைமை தாங்கிய அரசு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை வைத்துக்கொள்ளவும் உடன்பட்டது. பெண் ஒருவர் உச்சிக்குப் போனால் எல்லாப் பெண்களுக்கும் விடிந்துவிடும் என்று நம்பினவர்களுக்கு இதைவிடக் கசப்பான பாடம் வேறு இல்லை.

அட்டன் ரயில் நிலையத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையக மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வைத்தார்கள். தாய் ஒரு பெட்டியில் ஏற, மகள் மேடையில் நிற்பாள். மகளைக் கட்டிக்கொடுத்த குடும்பத்துக்கு இலங்கைப் பிரசாவுரிமை, தாயின் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு. விண்ணப்பம் குடும்பத் தலைவன் பெயரில் போயிருக்கும். மனைவி எங்கே வாழ விரும்புகிறாள் என்பதற்கு அந்தப் படிவங்களில் இடமில்லை. வாக்கில்லாதவர்களின் வாழ்க்கையைப் பற்றி அவர்களைக் கேட்காமலே தீர்மானிக்க முடிகிறது. கொடுத்தாலும் தள்ளினாலும் எந்த வேட்பாளரும் அவர்கள் முன் வந்து பதில் சொல்ல வேண்டியதில்லை.

2003 இல்தான் பிரசாவுரிமைச் சட்டத்தில் தகப்பன் என்ற இடத்தில் பெற்றோர் இருவரும் வந்தனர். தாய் வழியாகவும் பிள்ளை பிரசையாகலாம் என்றாயிற்று. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். மலையகச் சமூகத்திலிருந்து பாராளுமன்றம் போன முதல் பெண்கள் இவர்கள். 1931 இலிருந்து எண்ணினால் 93 ஆண்டுகள்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம், குறிப்பாக மலையகத்திலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளிடம், ஒரு வேலையைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் பக்கத்து லயத்திலும் எழுபது வயது தாண்டிய அம்மாயிகளும் அப்பாயிகளும் இருப்பார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். முதன்முதலில் வாக்குப் போட்டது எந்த ஆண்டு? அதற்கு முன் இடாப்பில் பேர் இல்லை என்று யார், எங்கே சொன்னார்கள்? பேரைச் சேர்க்க என்னென்ன கடதாசி கேட்டார்கள்? பதிலை அவர்கள் சொல்லும் தமிழிலேயே எழுதுங்கள், பேரும் தோட்டமும் ஆண்டும் சேர்த்து எழுதுங்கள். பெண்கள் வாக்குரிமை பற்றி இந்த நாட்டில் அடுத்து எழுதப்படும் நூலுக்கு அந்தக் கொப்பிகள் வேண்டும்.